கடலுக்கும் டைம் டேபிள் உண்டு, சித்தப்பா

லீட்ஸ்,
ஏப்ரல் மாதம், மழை.

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

போனில் நான் "யார்க்" என்று ஆரம்பித்ததும் நீங்கள் "நியூயார்க்கா?" என்றீர்கள். சித்தி பின்னாலிருந்து "ராத்திரி சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவீங்க?" என்றார். அதற்குள் தாம்பரம் கேம்ப் ரோடு மொத்தமும் ஹாரன் அடித்தது. இது போனுக்கு அடங்காது என்று கடிதமாக எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. வெயிலே இல்லாத ஊரில் கோடைப் பயணம் எதற்கு? புருஷனும் பெண்டாட்டியும் சுற்றிப் பார்க்க ஓர் ஊர் போதாதா, எதற்கு மூன்று?

முதல் கேள்விக்கு: இங்கே கோடை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. வெளியே ஐஸ் கட்டிக்கிடக்கும். ஆபீசில் டீ போடப் போனால் "சம்மருக்கு எங்கே?" என்று ஒருவர் பாக்கியில்லாமல் கேட்பார்கள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு மண்டபம் பிடிக்காத பெண் வீட்டாரைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூட விடுமுறை ஜூலைக் கடைசியில்தான் தொடங்கும். அதன் பிறகு லாட்ஜ் வாடகை எங்கோ போய்விடும். ஆகவே நாங்கள் ஜூனில் போகிறோம். ஜூனில் இங்கே ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். சித்தி நம்பமாட்டார். விளக்கேற்ற நேரம் தெரியாமல் என்ன ஊர் அது என்பார்.

தாம்பரத்தில் நாம் எப்படிக் கிளம்புவோம்! ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது "நாளைக்கு மகாபலிபுரம் போலாமா?" என்பீர்கள். விடிகாலை நாலு மணிக்குச் சித்தி புளியோதரை கிளறுவார். வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் என்று பஸ் போகும். கோயிலை ஒரு சுற்று, கடலில் ஒரு முழுக்கு, சுண்டல், திரும்புகிற பஸ்ஸில் தூக்கம். திட்டம் என்ற சொல்லே நம் வீட்டில் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மட்டும்தான்.

உங்கள் மருமகள் ஆபீசில் பிராஜக்ட் மேனேஜர். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தொப்பியைக் கழற்றுவதில்லை. எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டிருக்கிறாள். பச்சை நிறம் முடிவானது, மஞ்சள் பேச்சுவார்த்தையில் இருப்பது, சிவப்பு நான் கேட்டது.

நான் கேட்டது பழைய ஊர். யார்க் நகரம் ரோமானியர்கள் கி.பி. 71இல் கோட்டை கட்டிய இடம். 306இல் கான்ஸ்டன்டைனைச் சக்கரவர்த்தி என்று படைவீரர்கள் அறிவித்தது அங்கேதான். ஊரைச் சுற்றி மதில் இன்னும் நிற்கிறது, அதன் மேலேயே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். இதையெல்லாம் நான் ஆசையாக எடுத்துச் சொன்னேன். அவள் பல்லாவரத்துப் பெண் என்பது அப்போது ஞாபகத்தில் இல்லை.

"1863இல ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு இங்கிலீஷ்காரர் எங்க பல்லாவரத்துலதான் கற்காலத்துக் கருவியக் கண்டெடுத்தாரு. லட்சக்கணக்கான வருஷப் பழசு. இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்துச்சுன்னே அப்போதான் தெரிஞ்சுது. அந்த ஊர்லேர்ந்து வந்தவகிட்ட ரெண்டாயிரம் வருஷத்து ஊரக் காட்டறீங்களா? எனக்குக் கடல் வேணும்."

"அந்தக் கல்லை நீ பார்த்திருக்கியா?"

"இல்ல. வெள்ளிக்கிழமைச் சந்தையில அம்மிக்கல் வாங்கியிருக்கோம்."

இதற்கு மேல் வாதாட எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பல்லவர்கள் கைகொடுத்தார்கள். தலைநகரம் காஞ்சி, துறைமுகம் மாமல்லை. கோயிலும் ராஜாங்கமும் ஓர் இடம், அலையும் கப்பலும் இன்னோர் இடம். நடுவில் சுமார் 65 கிலோமீட்டர். யார்க்கிலிருந்து விட்பி என்ற கடலோர ஊருக்கு 75 கிலோமீட்டர்தான். நரசிம்மவர்மன் காலத்திலேயே ஓடிய ஏற்பாடு என்று எடுத்துவிட்டேன். சிவப்புக் கட்டம் மஞ்சளானது. விட்பிக்குத் தெற்கே ஸ்கார்பரோ என்று இன்னொரு கடலோர ஊரையும் சேர்த்தபிறகு பச்சையானது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். ஓர் ஊர் எனக்கு, இரண்டு ஊர் அவளுக்கு. கணக்கு சரியாக இல்லையே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. கல்யாணமானவர் நீங்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ரயில்வேக்காரரான உங்களுக்கு ஒரு சேதி. இங்கே இரண்டு பேர் சேர்ந்து போவதற்கென்றே ஒரு ரயில் கார்டு இருக்கிறது. இருவர் போட்டோவும் ஒரே கார்டில் இருக்கும். டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. நிபந்தனை என்னவென்றால், இரண்டு பேரும் சேர்ந்தே போக வேண்டும். வழியில் சண்டை வந்து ஒருவர் இறங்கிக்கொண்டால் மற்றவருக்குத் தள்ளுபடி கிடையாது. தாலியில் போட்ட மூன்று முடிச்சுக்கு மேல் பிரிட்டிஷ் ரயில்வே போட்ட நாலாவது முடிச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு முன்னால் செல்லாது. அதுவரை சண்டை போட்டுக்கொள்ளலாம்.

யார்க்கில் உங்களுக்காகவே ஒரு இடம் வைத்திருக்கிறேன். தேசிய ரயில்வே மியூசியம், 1975இல் திறந்தது, நுழைவுக் கட்டணம் இல்லை. மல்லார்டு என்ற நீல நிற எஞ்சின் அங்கே நிற்கிறது. 1938 ஜூலை 3ஆம் தேதி மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. நீராவி எஞ்சின்களில் அந்த சாதனையை இன்றுவரை எதுவும் முறியடிக்கவில்லை. ஜப்பான் புல்லட் ரயில் பெட்டி ஒன்றும் இருக்கிறது, உள்ளே ஏறி உட்காரலாம். அட்டவணையில் இதற்கு ஒன்றரை மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தாள். "சித்தப்பா ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியா போட்டோ கேட்டிருக்காரு" என்று சொல்லி அரை நாளாக்கிவிட்டேன். போனில் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

யார்க்கின் பெரிய தேவாலயத்தின் கோபுரத்துக்கு 275 படி. இப்போதிருக்கும் கட்டடத்தைக் கட்டி முடித்தது 1472இல். நான் ஏறுவதாகவும் அவள் கீழே காபி குடிப்பதாகவும் உடன்படிக்கை. சித்தி சாப்பிட்டு முடித்தபிறகு மட்டும் அடுத்த சில வரிகளைப் படித்துக் காட்டவும். யார்க்கில் வைக்கிங்குகள் வாழ்ந்த தெருவைத் தோண்டியெடுத்து, அப்படியே அமைத்து, அந்தக் காலத்து நாற்றம் உட்படக் காட்டுகிறார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் முக்கியக் காட்சிப் பொருள், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு வைக்கிங் மனிதன் கொல்லைக்குப் போன அடையாளம். 1972இல் ஒரு வங்கிக்குக் கட்டடம் கட்டத் தோண்டியபோது கிடைத்ததாம், 20 சென்டிமீட்டர் நீளம். 2003இல் கீழே விழுந்து உடைந்துவிட, ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒட்டுகிற வேலை யாருக்கு விழுந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. இதற்கே கண்ணாடிப் பெட்டி என்றால், பல்லாவரத்துக் கல்லுக்கு அதை எடுத்த இடத்தில் ஒரு பலகையாவது வைத்திருக்கலாம் என்று நான் முணுமுணுத்தேன். என் கட்சிக்கு வந்துவிட்டீர்களா என்கிறாள்.

யார்க்கிலிருந்து விட்பிக்கு நேர் ரயில் கிடையாது. மேட்டுநிலப் புதர்க்காட்டின் நடுவே போகும் பஸ்தான். விட்பியிலிருந்து ஸ்கார்பரோவுக்குக் கடலை ஒட்டி ஒரு ரயில்பாதை இருந்ததாம், 1965இல் மூடிவிட்டார்கள். இப்போது தண்டவாளம் இருந்த இடத்தில் சைக்கிள் விடுகிறார்கள். 2004இல் நம் பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் போனபோது நீங்கள் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. 1931இலிருந்து கரன்டில் ஓடிய பாதை என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னீர்கள்! நமக்கு அகலப் பாதையாவது மிஞ்சியது.

விட்பியில் குன்றின் மேல் இடிந்த மடாலயம், போவதற்கு 199 படி. கேப்டன் குக் இளவயதில் கப்பல் தொழில் பழகிய ஊர். பிராம் ஸ்டோக்கர் 1890இல் விடுமுறைக்கு வந்து தங்கி, பிறகு எழுதிய 'டிராகுலா' நாவலில் அந்த ரத்தக் காட்டேரியை இந்தக் கரையில்தான் இறக்கிவிட்டார். காட்டேரி வந்த ஊருக்கா புதுசாகக் கல்யாணமானவர்கள் போவது என்று சித்தி கேட்பார். அதனால் அவரிடம் மடாலயம் வரைக்கும் மட்டும் சொல்லுங்கள். அந்த ஊரில் ஜெட் என்று ஒரு கறுப்புக் கல் நகை பிரசித்தம். 1861இல் கணவர் இறந்ததும் விக்டோரியா மகாராணி துக்கத்துக்கு அணிந்ததில் நாடு முழுக்கப் பரவியது. மருமகள் அதில் ஒரு தோடு வாங்க வேண்டுமாம், அட்டவணையில் பச்சை. புருஷன் செத்ததற்குப் போட்ட நகையை என் காசில் வாங்குவதா என்று கேட்டேன். தன் காசில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். அது இன்னும் பயமாக இருக்கிறது.

இனிக் கடல். நம் கரையில் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவு. விட்பியில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் சுமார் 5 மீட்டர். காலையில் துண்டு விரித்த மணல் மத்தியானம் கடலுக்கு அடியில் இருக்கும். அதனால் கடல் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று வருஷம் முழுவதற்கும் அச்சடித்த டைம் டேபிள் விற்கிறார்கள். முப்பது வருஷம் கார்டாக இருந்த நீங்கள் அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், சித்தப்பா. ஒரு நிமிஷம் லேட் கிடையாது, பிளாட்பார மாற்றம் கிடையாது.

தண்ணீர் மட்டும் கோடையிலும் 13, 14 டிகிரிதான். கால் கட்டைவிரலை வைத்தால் குலதெய்வம் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரர்கள் காற்று மறைக்கத் துணித்தடுப்பு நட்டு, அதற்குள் ஸ்வெட்டரோடு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். ஸ்கார்பரோவில் முன்பு இந்தக் குளிர்ந்த நீரை மருந்து என்றே நம்பினார்கள். முதலில் ஊற்று நீரைக் குடிக்கச் சொன்ன வைத்தியர்கள், பிறகு கடலிலேயே முக்கினார்கள். குளிப்பவரை யாரும் பார்க்கக் கூடாது என்று சக்கரம் வைத்த மர அறையைக் குதிரை பூட்டிக் கடலுக்குள் இழுத்துப்போவார்கள். 1735இல் வரைந்த ஒரு படத்திலேயே அந்த வண்டி இருக்கிறது. நம் பெண்கள் மாமல்லபுரத்தில் ஒன்பது கஜத்தோடு இறங்கி, நனைந்த சேலையோடு பஸ் ஏறி, கேளம்பாக்கம் வருவதற்குள் உலர்ந்துவிடுகிறார்கள். வண்டியும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். காற்று மாற்றம் உடம்புக்கு நல்லது என்பது மட்டும் நமக்கும் புதிதில்லை. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றில் காசநோய் மருத்துவமனை நடத்திய டாக்டர் சௌரி முத்துதானே 1928இல் நம் தாம்பரம் சானடோரியத்தை ஆரம்பித்தார். நாம் மின்சார ரயிலில் தினமும் கேட்கிற ஸ்டேஷன் பெயருக்கு இந்த நாட்டுக் காற்றோடு சம்பந்தம் இருக்கிறது.

சாப்பாடு. சித்தி கவனிக்கவும். கடலோர ஊர்களில் கிடைப்பது மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும். யார்க்‌ஷயரில் பல கடைகளில் இதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதுதான் பாரம்பரியம். உருளைக்கிழங்குதானே என்று சைவக்காரர்கள் ஏமாந்துபோவார்கள். அதனால் அட்டவணையில் 'எண்ணெய் எது?' என்று தனிக் கட்டம். எண்ணெய் சரியாக இருந்தாலும் கடல் காக்கை விடாது, கையிலிருப்பதைப் பிடுங்கிப் போகும். லாட்ஜ் அறைகளில் அடுப்பு கிடையாது, வெந்நீர் கெட்டில் உண்டு. அவலை ஊறவைத்துப் புளிக்காய்ச்சல் கலந்தால் ஒரு வேளை ஓடிவிடும். குளிர்காலத்தில் நீங்கள் அனுப்பிய புளிக்காய்ச்சல் தீர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் யாராவது வந்தால் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பவும், மூடியை நன்றாக இறுக்கி.

மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று அடுத்துக் கேட்பீர்கள், நனைவோம். பயம் வெயிலுக்குத்தான். இங்கே தண்டவாளத்தை 27 டிகிரி சூட்டுக்குக் கணக்குப் பண்ணிப் போடுகிறார்கள். அதற்கு மேல் ரொம்ப ஏறினால் வளைந்துவிடும் என்று ரயிலை மெதுவாக ஓட்டுவார்கள். 2022 ஜூலையில் 40 டிகிரியைத் தாண்டியபோது பல ரயில்களை நிறுத்தியே விட்டார்கள். அக்னி நட்சத்திரத்தில் தாம்பரம் யார்டில் நின்று கொடி காட்டிய உங்களுக்குச் சிரிப்பு வரும்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறோம். அப்போது காஞ்சிபுரம்–மாமல்லபுரம் சேர்த்துப் போக வேண்டும் என்று அவள் இப்போதே புதுத் தாள் திறந்திருக்கிறாள். இத்தனை வருஷம் காஞ்சிபுரம் போய் காமாட்சியையும் பட்டுக் கடையையும் தவிர நாம் வேறெதையும் பார்த்ததில்லை. கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயில் அங்கேயே இருக்கிறது. செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிக்குக் காலையில் எத்தனை மணிக்கு ரயில், திரும்ப எப்போது என்று விசாரித்து எழுதவும். பச்சைக் கட்டத்துக்கு அது வேண்டுமாம். கைலாசநாதரை முதலில் வைத்து, பட்டுக் கடையைச் சாயங்காலத்துக்குத் தள்ள வழி இருந்தால் தனியாக எனக்கு மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்