ரயில் கம்பெனியும் ஒரு மனுஷன்தான்

ஆறு லட்சத்துக்கும் மேல் உயிர்களைத் தின்ற உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, அமெரிக்கா தன் அரசியல் சாசனத்தில் 14ஆம் திருத்தத்தைச் சேர்த்தது. எந்த மாகாணமும் எந்த நபருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்றது அது. நேற்றுவரை ஏலத்தில் விற்கப்பட்ட கறுப்பின மக்களை மனத்தில் வைத்து 1866இல் அதை வரைந்த பதினைந்து பேரில் ராஸ்கோ காங்க்லிங்கும் ஒருவர்.

யூட்டிகா நகரத்து வக்கீல். நெற்றியில் ஒரு சுருள் முடி, கண்ணைப் பறிக்கும் வெயிஸ்ட் கோட்டு. சக உறுப்பினர் பிளெயின் பிரதிநிதிகள் சபையிலேயே இவருடைய வான்கோழி நடையைக் கேலி செய்ய, அந்தப் பகையைச் சாகும்வரை வளர்த்தார். செனட்டரானதும் நியூயார்க் சுங்க இலாகா இவருக்கு மாமனார் வீட்டுச் சீதனமாயிற்று. 1881இல் அதிபர் கார்ஃபீல்ட் அந்த இலாகாவின் தலைமை நாற்காலியில் வேண்டாத ஆளை உட்கார வைக்க, ஐயா செனட் பதவியைத் தூக்கி எறிந்தார். காலில் விழுந்து திருப்பித் தருவார்கள் என்று கணக்கு. நியூயார்க் மாகாணத்தின் ஆல்பனி சட்டசபையோ நிம்மதியாக வேறொருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது.

1882இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவி தேடி வந்தது. செனட் ஒப்புதலும் கொடுத்த பிறகு வேண்டாம் என்றார். தியாகமா? அதே ஆண்டு டிசம்பரில் அதே நீதிபதிகள் முன் சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் வக்கீலாக வந்து நின்றார். கம்பெனியின் கண்ணீர் இதுதான்: கலிஃபோர்னியாவில் தனியாட்களுக்கு அடமானக் கடனைக் கழித்துச் சொத்து வரி போடுகிறார்கள், எங்களுக்கு மட்டும் கழிப்பதில்லை, சமத்துவம் செத்துவிட்டது!

அதுவரை வெளிவராத குழுக் குறிப்பேட்டைக் கையில் ஏந்தி, ‘நபர்’ என்று எழுதும்போதே கம்பெனிகளும் எங்கள் நினைவில் இருந்தன என்று புரியும்படி வாதாடினார் காங்க்லிங். மறுத்துப் பேச வேண்டிய, அதே குழுவிலிருந்த ஸ்டீவன்ஸ், ஃபெஸென்டன் போன்றவர்கள் மண்ணுக்குள் இருந்தார்கள். பிற்பாடு அந்தக் குறிப்பேடு அச்சான பிறகு அதைத் துருவிய வரலாற்றாசிரியர் கிரஹாம், காங்க்லிங் அதைத் திரித்திருந்ததைக் காட்டினார். யாருக்கு வேண்டும் அது? அடிமையின் பிள்ளைக்குத் தைத்த சட்டையை ஃபீஸ் வாங்கிக்கொண்டு முதலாளிக்கு மாட்டிவிட்டாயிற்று.

அந்த வழக்கு தீர்ப்பில்லாமலே முடிந்தது. 1886இல், அதே கம்பெனியின் இன்னொரு வழக்கில், கம்பெனிகளுக்கும் 14ஆம் திருத்தம் பொருந்தும், அதைப் பற்றி வாதமே வேண்டாம் என்றார் தலைமை நீதிபதி வெயிட். தீர்ப்புக்குள் இல்லாத அந்த வாக்கியத்தைத் தலைப்புக் குறிப்பில் ஏற்றியவர் நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுப்பாளர் டேவிஸ். அவரும் ஒரு காலத்தில் ரயில் கம்பெனித் தலைவர். என்ன பொருத்தம்!

சட்டத்தின் உண்மையான வாரிசுகளுக்கு என்ன கிடைத்தது? ஹோட்டலிலும் நாடகக் கொட்டகையிலும் கறுப்பினத்தவரைத் தடுக்கக் கூடாது என்ற சட்டத்தை 1883இல் அதே நீதிமன்றம் செல்லாதென்றது. 1892இல் நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். இறக்கிக் கைது செய்தார்கள். பெட்டியைப் பிரிப்பது 14ஆம் திருத்தத்துக்கு விரோதமில்லை என்று 1896இல் தீர்ப்பு. மறு ஆண்டு பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் கட்டினார். காங்க்லிங்குக்கு அதற்குள் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கத்தில் வெண்கலச் சிலை வைத்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.