முன்ன மாதிரி இல்லை சார்

எங்கள் பேட்டையில் அந்த சைனீஸ் கடையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத மனிதர் கிடையாது. அங்கே வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆளுக்கொன்று; இனி வாங்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று. மெட்ரோ ரயிலுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டபோதுகூட மடிப்பாக்கம் இவ்வளவு பேசவில்லை.

கடை என்று பெயர்தான். ஒரு ஷட்டர், அதற்கு முன்னால் இரண்டு அடுப்பு. பகலெல்லாம் மூடிக் கிடக்கும். சாயங்காலம் ஆறரைக்கு ஷட்டர் ஏறும். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் உருண்டு வரும். மத்தியானமே வடித்துப் பரப்பி ஆறவைத்த சோறு ஒரு அகல டப்பாவில் வரும். கூடவே பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், வெங்காயத்தாள். சுவரில் ஒரு டிராகன் உண்டு. வரைந்த பெயின்டர் கோயில் வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். யாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி முறைத்துக்கொண்டிருக்கும். உட்கார நாற்காலி கிடையாது, பார்சல் மட்டும். சனிக்கிழமையானால் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். போனில் சார்ஜ் இருக்கிறவர்கள் போனைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள்.

எல்லாரும் எடுக்கிற பல்லவி ஒன்றுதான். "முன்ன மாதிரி இல்லை சார்."

முன்ன என்றால் எப்போது என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கு கொரோனாவுக்கு முன்பு. ஒருவருக்குப் போன தீபாவளி. காலேஜ் பையன் ஒருவன், "போன செவ்வாய்க்கிழமை சூப்பரா இருந்துச்சுண்ணா" என்றான். கடை திறந்த முதல் வாரமே ஒருவர் இந்தப் பல்லவியைப் பாடிக் கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது ஜெராக்ஸ் கடை.

விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் முன்ன என்றால் பழைய மாஸ்டர் காலம். அவர் டார்ஜிலிங் பக்கத்துக்காரர். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எங்கள் பேட்டை அவரைச் சீனர் என்று தீர்மானித்துவிட்டது. "சைனாக்காரனே வந்து போடறான்" என்று பக்கத்து நகர்க்காரர்களிடம் பெருமை வேறு. நான் இந்தியன்தான் சார் என்று அவரும் ஆதார் கார்டைக் காட்டாத குறையாகச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அவர் வேலை கற்றது கோடம்பாக்கத்தில், ஒரு திருநெல்வேலிக்காரரிடம். அது இன்னும் எடுபடவில்லை.

தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அவருக்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்த சிவகங்கைப் பையன் கரண்டியைப் பிடித்தான். மறுநாளே தீர்ப்பு வந்துவிட்டது: "கை மாறிடுச்சு. சைனீஸ் டச் போச்சு." இத்தனைக்கும் கடைசி ஒரு வருஷம் சனி, ஞாயிறு கூட்டத்துக்கெல்லாம் ரைஸ் போட்டது இந்தப் பையன்தான். பழைய மாஸ்டர் முன்னால் நின்று பார்சல் கட்டிக் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது கையில் இருந்த டச், அதே கை முன்னடுப்புக்கு வந்ததும் எங்கே போயிற்று? இதை ஒருவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் அவர் பக்கத்துல நின்னாரில்ல?" என்றார்.

பேங்க் சார் தனி ரகம். ரிட்டயர்ட் ஆனவர், எண்பதுகளில் கொஞ்ச காலம் கல்கத்தா கிளையில் இருந்தவர். "டேங்ராவுல சாப்பிட்ட நாக்கு சார் இது" என்று அவர் ஆரம்பித்தால் வரிசை நகர்ந்தாலும் யாரும் நகர முடியாது. டேங்ரா விஷயத்தில் அவர் சொல்வது பொய்யில்லை. கல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் ஹக்கா சீனர்கள் தோல் பதனிட்டுப் பிழைத்த இடம் அது. நம் மெனு அட்டையில் இருக்கிற ஹக்கா நூடுல்ஸுக்கு அந்தச் சனங்களின் பெயர்தான். 1962 போரின்போது இந்தியச் சீனர்கள் பலரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பிறகு எத்தனையோ குடும்பங்கள் நாட்டை விட்டே போய்விட்டன. 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளை ஊரைவிட்டு மாற்றச் சொன்னது. தோல் போனது, சில்லி சிக்கன் தங்கிவிட்டது. இதையெல்லாம் பேங்க் சார் கண் கலங்கச் சொல்வார். சொல்லி முடித்து, கடாயைப் பார்த்து, "இது சைனீஸே இல்ல" என்பார்.

ஒருநாள் அவரிடம் மஞ்சூரியன் கதையை எடுத்துவிட்டேன். நெல்சன் வாங் என்று கல்கத்தாவில் பிறந்த சீனர் ஒருவர். 1975-ல் பம்பாய் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தபோது, புதுசாக ஏதாவது கொடு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை நம் வழியில் வதக்கினார். கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றினார். சோள மாவு கரைத்துவிட்டுக் கோழியைப் போட்டார். மஞ்சூரியாவில் அதை யாரும் கேள்விப்பட்டதில்லை. கோழி போன இடத்தில் காலிஃபிளவர் வந்தது அதற்கப்புறம். ஆகவே சார், நம் கோபி மஞ்சூரியன் சீனாவுக்குக் கட்டுப்பட்டதே இல்லை என்றேன். பேங்க் சார் கொஞ்சமும் அசரவில்லை. "அப்படின்னா இவன் சைனாவை மட்டும் கெடுக்கல சார். பம்பாயையும் கெடுத்துட்டான்."

கடையின் மெனுப் பலகையில், சைனீஸ் என்ற தலைப்புக்குக் கீழேதான் சிக்கன் 65-ம் இருக்கிறது. மவுண்ட் ரோடு புகாரி ஓட்டல், தங்களிடம் 1965-ல் பிறந்த பண்டம் என்று சொல்லிக்கொள்கிற அதே 65. அதைப் பற்றி ஒருத்தரும் இதுவரை ஆட்சேபம் எழுப்பியதில்லை.

ஆட்சேபமெல்லாம் அஜினோமோட்டோவுக்குத்தான். மூன்றாவது தெரு அக்கா ஒருவர், ஆர்டர் சொல்வதற்கு முன்பே "அது போடாதீங்க தம்பி" என்பார். பெயரைச் சொல்லக்கூட மாட்டார். ராத்திரி நேரத்தில் பாம்பை நாம் பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்? எங்கள் பேட்டைக் கணக்கில் முடி கொட்டுவது, சின்ன வயசில் கண்ணாடி, பத்தாம் வகுப்பு மார்க் எல்லாம் அந்த வெள்ளைப் பொடியின் திருவிளையாடல். ஜப்பானில் கிகுனே இகெடா என்ற வேதியியல் பேராசிரியர் 1908-ல் கடற்பாசிச் சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிரித்தெடுத்தது அது. அறுபது வருஷம் நிம்மதியாக விற்றது. 1968-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர், சைனீஸ் ஓட்டலில் சாப்பிட்டால் தனக்குப் பின்கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, காரணம் சோயா சாஸா, சமையலில் ஊற்றுகிற ஒயினா, இந்த உப்பா என்று கேட்டு மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் போட்டார். சாஸும் ஒயினும் ஜாமீனில் வெளியே வந்துவிட்டன. உப்பு மட்டும் மாட்டிக்கொண்டது. எதில் கலந்திருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் குற்றம் நிரூபணமாகவில்லை. தக்காளிப் பழத்தில் அதே சங்கதி இயற்கையாகவே இருக்கிறது. அக்கா, "அது போடாதீங்க, தக்காளி சாஸ் மட்டும் ரெண்டு பாக்கெட் சேர்த்து வைங்க" என்று வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் வந்து, "நேத்து டேஸ்டே இல்லையே தம்பி" என்பார். பையன் தலையை ஆட்டுவான். அவன் எதற்கும் வாய் திறந்து பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. கரண்டியால் கடாயின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவான், அவ்வளவுதான்.

கலர் விவகாரமும் இப்படித்தான். 2024 மார்ச்சில் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டார்கள் என்ற செய்தி வந்ததும், கலர் வேண்டாம் என்று எங்கள் வரிசை ஒரே குரலில் முழங்கியது. அது நியாயமான கோரிக்கை. கடைக்காரரும் கலரை நிறுத்தினார். காலிஃபிளவர் அதன் சொந்த நிறத்தில் வந்தது. "என்னப்பா, நேத்து போட்டதா?" என்று ஒரு வாரம் முழுக்கக் கேட்டார்கள்.

புரட்டாசி மாதம் கடைக்குச் சோதனைக் காலம். முட்டை ரைஸ் படுத்துவிடும், காளான் ரைஸ் எழுந்து உட்காரும். "தனிக் கடாய்தானே?" என்ற கேள்வி அந்த மாதத்தில்தான் அதிகம் விழும். நான் கவனித்த வரையில், கேட்கிறவர் யாரும் கடாயைப் பார்த்துக் கேட்பதில்லை. டிராகனைப் பார்த்தோ, எதிரே இருக்கிற மெடிக்கல் ஷாப் போர்டைப் பார்த்தோ கேட்பார்கள். பையன் கடாயில் ஒரு செம்புத் தண்ணீரை வீசுவான். அது சுரீரென்று பொங்கி வெள்ளையாக ஆவி கிளப்பும். அந்த ஆவிக்குள்ளேயே ஈர்க்குச்சித் துடைப்பத்தால் ஒரு சுழற்று. தண்ணீர் ஓரமாகப் போய் விழும். ஆவி அடங்கி எல்லாருக்கும் கண் தெரியும்போது அடுப்பில் இருப்பது தனிக் கடாய்.

ஹாஸ்டல் பையன்களுக்கு ருசி, ஆரோக்கியம், ஆசாரம் எதுவும் பொருட்டில்லை. அவர்களுடைய அபிப்பிராயம் முழுக்க எடையில். பார்சலைக் கையில் வாங்கி ஒரு தூக்கு தூக்கிப் பார்த்து, "இன்னிக்கு மாஸ்டர் நல்ல மூட்ல இருக்காரு" என்பார்கள். அவர்களில் பி.காம். படிக்கிற ஒருவன் ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற கருவியைக் கொண்டுவந்துவிட்டான். வாரக்கணக்கில் ஆராய்ச்சி நடந்தது. ஹாஃப் 60 ரூபாய், ஃபுல் 100 ரூபாய். ஹாஃப் ஏறத்தாழ 400 கிராம் நிற்கிறது, ஃபுல் 550-ஐத் தாண்டுவதில்லை. காரணம் எளிது: பையன் டப்பாவிலிருந்து ரைஸைக் கையால் அள்ளுகிறான், ஹாஃப் என்றால் குறைந்துவிடுமோ என்று இரக்கப்பட்டு இன்னொரு பிடி போடுகிறான், ஃபுல் என்றால் போதும் என்று தோன்றிவிடுகிறது. அந்த இரக்கத்தை அவர்கள் ரூபாய்க்கு இத்தனை கிராம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து ஹாஸ்டலில் ஃபுல் வாங்குகிறவன் முட்டாள். நாலு பேர் வந்தால் நாலு ஹாஃப், தனித்தனி பில். கடைக்காரர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் எட்டு மணிக்கு மேல் "ஹாஃப் தீர்ந்துடுச்சு தம்பி, ஃபுல்தான் இருக்கு" என்கிறார். அதே டப்பா, அதே சோறு.

என் தம்பியின் கருத்து வேறு. "இதுல என்ன இருக்கு, நானே போடுவேன்." ஆன்லைனில் கனமான இரும்புக் கடாய் வாங்கினான், மூன்று வகை சாஸ் வாங்கினான், பாசுமதியைக் குழையாமல் வடித்தான். வீட்டு அடுப்பின் நெருப்பு கடாயின் அடியைத் தொட்டு மரியாதையாக நின்றுவிட்டது. கடையில் நெருப்பு கடாயின் தோள் வரை ஏறி, சாஸ் பட்ட நொடியில் உள்ளேயே புகுந்துவிடும். அரிசி ஒவ்வொன்றும் தனியாகத் துள்ளி, ஈரம் பறந்து, லேசான கருகல் வாசனையோடு இறங்கும். தம்பியின் கடாயில் சூடான சோறும் முட்டைக்கோஸும் தண்ணீர் விட்டு, சாவகாசமாக வெந்து, சோயா சாஸ் ஊற்றிய கிச்சடியாக வந்து சேர்ந்தது. அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஊறுகாய் இருந்தா எடு" என்றாள். கடாய் இப்போது அப்பளம் பொரிக்க உபயோகப்படுகிறது.

சென்ற மாதம் கடைக்காரருக்கு யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். கல்லாப் பக்கத்தில் நூறு பக்க நோட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அட்டையில் 'வாடிக்கையாளர் கருத்துகள்' என்று எழுதி, ஒரு பேனாவையும் நூலில் கட்டிவிட்டார். அன்று வரிசை கொஞ்சம் அமைதியாக இருந்தது உண்மை. வாயால் சொல்வதற்குப் பெயர் போட வேண்டியதில்லை, நோட்டில் கையெழுத்து வேண்டும். நான் புரட்டிப் பார்த்தபோது முதல் பக்கத்தில் ஒரு பிளம்பர் நம்பர். அடுத்ததில் ஹாஸ்டல் பையன்கள் யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு. மூன்றாவது தெரு அக்கா, "நன்றாக உள்ளது. அது வேண்டாம்" என்று எழுதியிருந்தார். ஒரு சின்னக் குழந்தை டிராகனைத் திருத்தி வரைந்திருந்தது. சுவரில் இருப்பதைவிட நன்றாக வந்திருந்தது.

பேங்க் சார் மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் முறைப்படி. டேங்ராவில் ஆரம்பித்து, பழைய மாஸ்டரின் கைப்பக்குவம், சோயா சாஸின் தற்போதைய தரம், வெங்காயத்தாளை நறுக்குவதில் காணப்படும் அலட்சியம், மஞ்சூரியன் உருண்டையின் சுற்றளவு என்று தலைப்பு வாரியாகப் போய், மேற்படி நிலை நீடித்தால் வாடிக்கையாளர் என்ற முறையில் தாம் மாற்று ஏற்பாடு செய்துகொள்ள நேரிடும் என்று எச்சரித்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். கீழே ஒரு பி.கு.: "கோபி மஞ்சூரியன், டிரை, ஒன்று. எட்டேகாலுக்கு வருவேன். ஹாஃப்."