முதல் பக்கத்து ஓவியர்

செண்டாயானில் ஓவியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மாமாக் கடையில் விசிறிக்கு நேர் கீழே உள்ள மேசையில், ஆறிப்போன தே தாரிக்கும் ஒரு 555 புத்தகமுமாக உட்கார்ந்திருப்பார். சீனக் கடையில் கடன் எழுத ஒரு காலத்தில் தோட்டமே பயன்படுத்திய, சட்டைப் பையில் அடங்கும் அதே சின்னப் புத்தகம்தான். அரிசி, மண்ணெண்ணெய், மத்தி டின் என்று நம் பாட்டிமாரின் கடன் வளர்ந்த தாள்களில் இவர் கலைச் சிந்தனையை வளர்க்கிறார்.

"பசியாறியாச்சா அண்ணே?" என்று கேட்கக் கூடாது. விவரம் தெரியாமல் கேட்டவர் மாட்டிக்கொள்வார். "உட்காருங்க தம்பி, ஒன்னு படிக்கிறேன்."

படிப்பது எப்போதும் முதல் பக்கம். இரண்டாம் பக்கம் என்று ஒன்று கிடையாது.

முதல் பக்கத்தில் இருப்பது ஒரே கேள்வி: ஓர் ஓவியன் ஏன் குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும்? புத்தாண்டில் வாங்கிய புத்தகத்தில் அதற்குப் பதில், வரும் தலைமுறைக்காக. தைப்பூசம் முடிந்ததும் அது அகங்காரமாகத் தோன்றிவிட்டது. புதுப் புத்தகம் வந்தது. இது தனக்காக மட்டும், வேறு யார் கண்ணிலும் படக் கூடாது என்று எழுதி, அதை மேசையில் இருந்த எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். நோன்பு மாதத்தில் நோக்கம் மறுபடி மாறியது: கை பழக எழுதுகிறாராம். தீபாவளி நெருங்கும்போது, தூரிகையைத் தொடுமுன் மனத்தைக் காலி செய்ய. நோக்கம் மாறினால் பழைய புத்தகத்தில் தொடர முடியாது, அதன் முதல் பக்கம் பொய்யாகிவிடும் என்பது அவர் கட்சி. ஆகவே ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு புத்தகம். புத்தகம் விற்கும் கடைக்காரப் பெண்மணி மட்டும்தான் இந்த ஊரில் அவருடைய கலையால் பயனடைந்தவர்.

படித்தால் போதாது, கருத்தும் சொல்ல வேண்டும். "தலைமுறைக்காகன்னு போடவா, எனக்காகன்னு போடவா?" லாரி ஓட்டும் பையன் ஒருவன் ரொட்டி சானாய் ஆறுகிறதே என்ற அவசரத்தில், "ரெண்டையும் போடுங்கண்ணே" என்று சொல்லித் தொலைத்தான். மறுநாள் மேசையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன.

ஆள் சும்மா இல்லை, நிறையப் படித்தவர். அதுதான் தொல்லையே. டெலாக்ருவா 1822இல் நாட்குறிப்பைத் தொடங்கி, 1824இல் நிறுத்தி, 1847இல்தான் மறுபடி எடுத்தார் என்பதை நம் ஓவியர் பெரிய ஆறுதலாகச் சொல்வார். அவ்வளவு பெரிய பிரெஞ்சு ஓவியரே இருபது ஆண்டுக்கு மேல் விட்டிருக்கும்போது, தான் ஒரு மாதம் விட்டால் என்ன? அந்த இடைவெளியில்தான், 1830இல், கொடியேந்திய சுதந்திர தேவி மக்களை நடத்திச் செல்லும் படத்தை டெலாக்ருவா வரைந்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். குறிப்பை விட்டவர் தூரிகையை விடவில்லை. இவர் இரண்டையும் விட்டுவிட்டு விசிறிக்குக் கீழே உட்காருகிறார்.

ராஜா ரவிவர்மாவும் வருவார். ரவிவர்மாவின் தம்பி சி. ராஜராஜ வர்மாவும் ஓவியர்; அண்ணனோடு ஊர் ஊராகப் போய், 1895 முதல் பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார். அண்ணன் எங்கே தங்கினார், யாருடைய படத்தை வரைந்தார் என்று இன்றைக்கு நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அந்தத் தம்பியால்தான். "எனக்கு அப்படி ஒரு தம்பி இல்லையே" என்று ஓவியர் பெருமூச்சு விடுவார். தம்பி இருக்கிறார். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. எழுத நேரமில்லை.

எல்லாரையும்விட அவருக்குப் பிடித்தவர் பொன்டொர்மோ. புளோரன்ஸ்காரர். சான் லொரென்சோ தேவாலயத்தில் பெரும் சுவரோவியம் தீட்டிக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில், 1554 முதல் 1556 வரை, ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். அதில் தத்துவம் ஏதும் இல்லை. எத்தனை அவுன்ஸ் ரொட்டி தின்றார், ராத்திரி யார் வீட்டில் சாப்பாடு, வயிறு எப்படி, இன்றைக்குச் சுவரில் எந்தக் கையை முடித்தார், எந்தத் தலையை முடித்தார், அவ்வளவுதான். அந்தச் சுவரோவியங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் அழிந்துபோயின. நாட்குறிப்பு பிழைத்தது. "பாத்தீங்களா தம்பி! படம் போச்சு, எழுத்து நிக்குது!" என்று மேசையைத் தட்டுவார். தே தாரிக் சிந்தும்.

பொன்டொர்மோ ஒரு கையை முடித்த பிறகுதான் கையை முடித்தேன் என்று எழுதினார். இந்த வித்தியாசத்தை அவரிடம் எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. அதையும் புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

வரையத் தெரியாதவராக இருந்தால் யாரும் இத்தனை கோபப்பட மாட்டார்கள். இறந்துபோன தாத்தாவின் ஐசி படத்தைக் கொடுங்கள். தபால்தலை அளவு மங்கல் படத்திலிருந்து, இப்போதே வாயைத் திறந்து வெற்றிலை கேட்கப்போகிறவர் மாதிரி ஒரு தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்துவார். அதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம், அது வேறு.

அந்தப் புத்தகங்களிலேயே சாட்சி இருக்கிறது. எழுத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த சொல்லுக்காக யோசிக்கும்போது அவர் பேனா தானாக நகரும் போலிருக்கிறது. ஒரு பக்கத்தின் ஓரத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கித்தா மரம். பட்டையில் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் வெட்டு, அதன் கடைசியில் செருகிய தகரத் துண்டு, கீழே கம்பியில் உட்கார்ந்த மங்கு. மங்கின் விளிம்பு ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. வெட்டுக்கோட்டில் நேற்றைய பால் காய்ந்து நாடாவாகத் தொங்குகிறது. இன்னொரு பக்கத்தில் தலையில் துணி சுற்றி, நெற்றியில் விளக்குக் கட்டிய ஒரு பெண்ணின் முதுகு மட்டும். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அந்த முதுகைப் பார்த்ததும் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

எரிச்சல் இங்கேதான் முற்றுகிறது. செண்டாயானில் இன்று 5,000 ஏக்கருக்கு மேல் புதுநகரம். கித்தாவும் செம்பனையும் நின்ற நிலத்தில் மாடி வீடுகள், தொழிற்பேட்டை, விமானப்படைத் தளம், நீலக் குவிமாடங்களோடு பெரிய பள்ளிவாசல். வரட்டும், பிள்ளைகளுக்கு வேலையும் வீடும் வேண்டும். ஆனால் விடிவதற்கு முன் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களம், பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகை, லயத்துக்குப் பின்னால் ஓடிய சாக்கடை, இவற்றுக்குப் படம் எங்கே? கேமரா துரை பங்களாவில் இருந்தது. அது லயத்துப் பக்கம் அதிகம் வரவில்லை. எந்த வீட்டு வாசலில் எந்த மரம் நின்றது என்று நினைவிலிருந்தே வரைந்துவிடக்கூடிய மனிதர் ஒருவர் இருக்கிறார். "பெரட்டுக் களத்தை ஒரு தடவ வரைஞ்சு வைங்கண்ணே" என்று கிழவர்கள் கெஞ்சுகிறார்கள். "ஏன் வரையணும்னு முதல்ல எழுதிக்கிறேன்" என்கிறார். கேட்ட கிழவர்களில் சிலர் இப்போது இல்லை. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

கோயில் சுவரும் காத்திருக்கிறது. வெள்ளையடித்து, சாரம் கட்டி, முன்பணமும் கொடுத்தாயிற்று. சாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி காயப்போடுகிறார்கள்.

கடைசியாகக் கிடைத்த செய்தி, ஓவியர் குறிப்பெழுதுவதை அடியோடு நிறுத்தப்போகிறார். காரணங்களை ஒரு புதிய 555இல் எழுதிவருகிறார். காரணங்கள் நிறைய இருப்பதால் வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாம் பக்கத்தைத் தாண்டிவிட்டாராம். ஓரத்தில் என்ன வரைந்திருக்கிறார் என்று ஆசையாக எட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். இடம் போதாமல் ஓரம் வரைக்கும் எழுத்து.

"யாராச்சும் அந்தப் பேனாவப் புடுங்குங்கப்பா" என்கிறார் கோயில் தலைவர்.