சர்வீசியல்: மூலமும் உரையும்

பாயிரம்

எந்த ஆய்வுக்கும் எல்லை வேண்டும். சிறு கார் எது என்பதில் வரிச்சட்டத்துக்குக் குழப்பமே இல்லை: நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது, பெட்ரோல் எஞ்சினாயின் கொள்ளளவு 1,200 சிசியைத் தாண்டக் கூடாது. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 தன் 796 சிசியோடு இந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கும். வழக்கிலுள்ள வரையறை வேறு. ஐந்து பேருக்கு என்று ஆர்சி புக்கில் எழுதியிருக்கும் வண்டியில் ஏழு பேரும் மூன்று சீர்வரிசைத் தட்டுகளும் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது சிறு கார். சட்டமும் வழக்கும் முரணும் இடத்தில் இக்கட்டுரை வழக்கையே கொள்ளும்.

இத்துறைக்கு மூலநூல் ஒன்று உண்டு. முன்சீட்டுக்கு எதிரே உள்ள டப்பாவில், இன்சூரன்ஸ் காகிதங்களுக்கும் காலாவதியான புகைச் சான்றிதழுக்கும் கீழே, பிளாஸ்டிக் உறை பிரியாமல் கிடக்கும் உரிமையாளர் கையேடே அது. கற்றார் அரியர் என்பதால் மூலத்துக்கு உரை தேவைப்படுகிறது. அந்த உரையாசிரியரைத்தான் சர்வீஸ் அட்வைசர் என்கிறோம். மூலம் ஒரு வரியில் சொன்னதை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு விரிப்பது அவருடைய ஆற்றல். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதே இவ்வாய்வின் நோக்கம் என்க.

பல சிறு கார்களுக்கு மூலம் சொல்வது இவ்வளவே. முதல் இலவச சர்வீஸ் 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம். அடுத்தது 5,000 அல்லது ஆறு மாதம். மூன்றாவது 10,000 அல்லது ஓராண்டு. அதற்குப் பின் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது. இந்தக் கடைசித் தொடரில் பாடபேதம் உண்டு. உரிமையாளர்களில் பெரும்பாலோர் ‘எது பிந்துகிறதோ அது’ என்றே பாடம் கொள்வர். இலவசம் என்பதற்கும் உரை வேண்டும்: கூலி இலவசம், ஆயில், ஃபில்டர், ஆயில் ஊற்றுமுன் போடும் சிறு வாஷர் ஆகியவை இலவசமல்ல.

ஒப்படைப்பியல்

காலை ஒன்பது மணிக்கு வண்டியை விடுகிறோம். அட்வைசர் அதை வலம் வந்து ஒவ்வொரு கீறலையும் படம் எடுக்கிறார். அவற்றில் பாதியை நாமே அன்றுதான் பார்க்கிறோம். ‘இது எப்போ ஆச்சு?’ என்று மனைவி கேட்பதால், இவ்வியலுக்குக் குடும்பவியலோடும் தொடர்பு உண்டு. பிறகு ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை, காலடியில் வெள்ளைத் தாள். ஜாப் கார்டில் கையெழுத்து. டாஷ்போர்டுப் பிள்ளையாரை மட்டும் யாரும் இறக்குவதில்லை. அவர் வண்டியோடேயே உள்ளே போகிறார். பட்டறைக்குள் என்ன நடந்தது என்பதற்கு அவர் ஒருவரே சாட்சி.

ஒலியியல்

இத்துறையின் இதயப்பகுதி இது. ஜாப் கார்டில் ‘வாடிக்கையாளர் புகார்’ என்றொரு கட்டம் இருக்கும். அதை நிரப்பும்போதுதான் தமிழ்நாட்டுக் கார்க்காரர்கள் அனைவரும் இலக்கணப் புலவர்களாகிறார்கள்.

‘பின்னாடி கடகடன்னு ஒரு சத்தம். ஸ்பீடு பிரேக்கர்ல மட்டும்.’

‘சரி சார்.’

‘அப்புறம் காலைல எடுக்கும்போது கீச்சு கீச்சுன்னு.’

‘சரி சார்.’

‘திருப்புறப்போ டக்டக் டக்டக்.’

அட்வைசர் மூன்றையும் கேட்டு, ஆங்கிலத்தில் ‘நாய்ஸ், செக்’ என்று ஒரே வரி எழுதுகிறார். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். இங்கே பிரிக்கவுமில்லை, மூன்று இரட்டைக்கிளவிகளைப் பிழிந்து ஒரு பெயர்ச்சொல்லாக்கிவிட்டார். நோயின் முழு வரலாறும் அந்தப் பிழிசலில் போய்விடுகிறது. ஏனெனில் இந்த ஒலிகள் வெறும் ஒலிகளல்ல. ஒவ்வொன்றும் ஓர் உறுப்பின் கையெழுத்து.

சான்றாக, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரப் பக்கம் எழும் டக்டக், பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்புற சிவி ஜாயின்ட்டைச் சுட்டும். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் உள்ளே புகுந்திருக்கும். உறை கிழிந்தவுடனே பார்த்தால் உறையோடு செலவு முடியும்; சத்தம் வந்தபின் ஜாயின்ட்டும் சேரும். பள்ளத்தில் இறங்கும்போது வரும் கடகட, சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷையோ ஸ்டெபிலைசர் லிங்க்கையோ சொல்வது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீண்டு ஒலித்துச் சற்று நேரத்தில் அடங்கும் கீச், ஃபேன் பெல்ட்டின் குரல். வேகம் கூடக்கூடக் கனக்கும் ‘ஊ’ என்ற முனகலுக்குச் சக்கர பேரிங் காரணமாகலாம். பிரேக்கில் வரும் மெல்லிய கீச்சை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. பல பிரேக் பேட்களில் ஒரு சிறு தகட்டு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். தேய்ந்துவிட்டேன் என்று சொல்வதற்கென்றே பொருத்தப்பட்ட உறுப்பு அது. இவ்வளவு நேர்மையான உறுப்பு வண்டியில் வேறில்லை.

இனி, ஒலியியலின் மாறாத விதி: அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டினால் அந்தச் சத்தம் வராது. வேகத்தடை ஏறி இறங்கினாலும் வராது; குழிதேடிப் போய் விழுந்தாலும் வராது. பாடிக் காட்டச் சொன்னதும் அம்மா பின்னால் ஒளியும் குழந்தையைப் போல அது ஒடுங்கிக்கொள்ளும். ‘இப்ப இல்லையே சார்’ என்பார். அவர் இறங்கியதும், கேட்டைத் தாண்டும் முன்பே, கடகட. இதற்கு ஓர் எளிய விளக்கமும் உண்டு. பின்னாலிருந்து வரும் கடகடக்களில் கணிசமானவை டிக்கியில் சரியாக முடுக்கப்படாத ஜாக்கி, ஸ்பானர் பை, போன ஆயுத பூஜைக்கு வாங்கி மறந்த தேங்காய் ஆகியவற்றால் எழுவன. ஆகவே ஜாப் கார்டு எழுதுமுன் டிக்கியைக் காலி செய்க. சத்தம் எந்த வேகத்தில், எந்தச் சாலையில், எஞ்சின் சூடாகும் முன்பா பின்பா என்று மூன்று குறிப்பும் கார்டில் இடம்பெற்றதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுக. ‘நாய்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் கையெழுத்திடுவது வெற்றுத்தாளில் கையெழுத்திடுவதே.

எண்ணெயியல்

மூலநூலின் சாரம் என்னவென்று ஒரே தொடரில் கேட்டால், ‘பழைய ஆயிலை இறக்கிப் புதியதை ஊற்று’ என்பதே விடை. சிறு காரின் எஞ்சினுக்குச் சுமார் 3 லிட்டர் போதும். டப்பாவில் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ போட்டிருக்கும். முதல் எண்ணும் அதையடுத்த எழுத்தும் குளிர்காலத்து ஓட்டத்தைக் குறிப்பவை. வெயில், கடும்வெயில் என்ற இரண்டே பருவம் உள்ள வேலூரில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் அடியில் இறங்கிக் கிடக்கும். சாவி திருப்பியதும் அது மேலேறி உறுப்புகளை எட்டும்வரை இரும்பும் இரும்பும் கிட்டத்தட்ட வெறுமனே உரசும். முதல் எண் சிறியதானால் ஆயில் விரைந்து ஏறும். எந்த எண் என்பதை மூலநூல் சொல்கிறது. இந்த ஓர் இடத்தில் உரையாசிரியரைக் கேட்க வேண்டாம்.

உரிமையாளர் தம் கையால் சரிபார்க்கக்கூடிய சான்றும் இதுவே. பில் கட்டுமுன் பானட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் தெளிவாக நின்றால் ஊற்றியிருக்கிறார்கள். சில வாரத்தில் அது கறுத்தால் ஏமாற்று என்று கொதிக்க வேண்டாம். அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்ளும் வேதிப்பொருள் அதில் கலந்திருக்கிறது. கறுப்பது அது வேலை செய்வதன் அடையாளம்.

பிரேக் ஆயிலின் நிலைதான் பரிதாபம். மூலநூல்கள் பலவும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரி. இந்த 75 டிகிரி வேறுபாடு தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகும்போது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது தெரியலாம். கொதித்த திரவத்தில் ஆவிக்குமிழி உண்டாகும். மிதித்தால் குமிழி நசுங்கும், பிரேக் பிடிக்காது. மாற்றுச் செலவோ ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் தொகைக்குள் அடங்கும். இருந்தும் எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொல்லும் உரிமையாளர் முதலில் அடிக்கச் சொல்வது இந்த வரியைத்தான். டெஃப்லான் கோட்டிங் தப்பித்துவிடுகிறது. பளபளப்பு அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும், கொதிநிலை தெரியாது.

பட்டியலியல்

பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. எஞ்சின் ஆயில் 2710-இல் தொடங்கும்; ஃபில்டர் 8421-இல் தொடங்கும். கூலிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9. கூட்டாட்சித் தத்துவம் ஐயத்துக்கிடமின்றிச் செயல்படும் இடங்களில் இதுவும் ஒன்று.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்தார். அவர் காலத்தில் சர்வீஸ் பில் இல்லை. இருந்திருந்தால் எடுத்துக்காட்டுக்கு அலைந்திருக்க மாட்டார். காலையில் ‘மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும் சார்’ என்பது குன்றக் கூறல். ஜெனரல் செக்கப், இன்ஸ்பெக்‌ஷன், மல்டி பாயின்ட் செக் என்று மூன்று வரி வருவது கூறியது கூறல். ‘பிரேக் பேட் அறுபது பர்சன்ட் இருக்கு’ என்று பதினொரு மணிக்கும் ‘மாத்திடலாம் சார்’ என்று மூன்று மணிக்கும் சொல்வது மாறுகொளக் கூறல். (பர்சன்டைக் கேட்காதீர், மில்லிமீட்டரைக் கேளும். மூன்றை நெருங்கினால் மாற்றத்தான் வேண்டும்.) கன்ஸ்யூமபிள்ஸ் என்ற வரி மயங்க வைத்தல். ஆயில் மாற்றப் போனவரிடம் பழைய வண்டியைக் கொடுத்துப் புது மாடல் எடுப்பது பற்றிப் பேசுவது மற்றொன்று விரித்தல். வாசலில் பேனர் கட்டி அறிவித்த தள்ளுபடி, கூலிக்கு மட்டும், அதிலும் சில வேலைகளுக்கு மட்டும் என்று முடிவது சென்று தேய்ந்து இறுதல். காலம் தவறாமல் ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு எஞ்சின் ஃபிளஷ் போடுவது நின்று பயன் இன்மை.

அடிப்பகுதிப் பூச்சை மிகைபடக் கூறலில் சேர்ப்பார் உளர். மதுரை வண்டிக்கு அது சரி. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு அப்பூச்சு நியாயமானதே. ஏசி ஃபில்டரையும் அவசரப்பட்டுக் கழிக்கக் கூடாது. அட்வைசர் அதைக் கையிலேந்தி வந்து காட்டும்போது பாருங்கள்: வேப்பம்பூ, பூச்சிச் சிறகு, மெட்ரோ பணிகளின் மண் என்று கீழடிக்கு இணையான அடுக்குகள் தெரியும். ஆனால் அது நம் வண்டியின் ஃபில்டர்தானா என்பதற்கு அகச்சான்று இல்லை. பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கலாம். கொடுப்பதும் நம் வண்டியுடையதா என்ற வினா அப்போதும் எழும். ஆராய்ச்சி என்றால் அப்படித்தான்.

மரத்தடிப் பள்ளி

வாரன்டி முடிந்ததும் பலர் சமயம் மாறி, தெருமுனை மெக்கானிக் ஷெட்டைச் சேர்வார்கள். இப்பள்ளியில் ஜாப் கார்டு இல்லை. கணக்கு காலண்டர் தாளின் பின்புறத்தில் இருக்கும். இரட்டைக்கிளவி இங்கே மதிக்கப்படும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பார் மெக்கானிக் அண்ணன். எந்த மூலையிலிருந்து சத்தம் என்று சொல்லிவிடுவார். ‘ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது’ என்பதும் இப்பள்ளியில் மட்டுமே கேட்கக்கூடிய வாக்கியம். குறை என்னவெனில், 2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ் 6 புகைவிதிப்படி வந்த வண்டிகளில் பல நோய்கள் காதுக்கு எட்டுவதில்லை. ஸ்கேனரைச் செருகினால் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீட்டைத் துப்புகின்றன. அண்ணனும் இப்போது ஸ்கேனர் வாங்கிவிட்டார். ஸ்குரூ டிரைவரைக் கைவிடவில்லை.

ஒழிபியல்

பிற இயல்களில் அடங்காதவை இங்கே கூறப்படும். திரும்பி வந்த வண்டியில் டிரைவர் சீட் பின்னுக்குத் தள்ளியிருக்கும்; நாம் குள்ளம் என்பது உறுதிப்படும். கண்ணாடிகள் வேறு யாருடைய முகத்துக்கோ திரும்பியிருக்கும். எஃப்எம்மில் நாம் வைக்காத நிலையம் பாடும். பேட்டரியைக் கழற்றியிருந்தால் கடிகாரம் மாறியிருக்கும். அதைச் சரிசெய்யும் முறை மூலநூலில் இருப்பதால் அடுத்த சர்வீஸ் வரை அப்படியே ஓடும். டயரில் 30-லிருந்து 33 வரை இருக்க வேண்டிய காற்றை 40 வைத்து அனுப்புவதும் உண்டு. கதவோரத்துச் சீட்டில் உள்ள அளவைப் பார்த்து முதல் பங்கிலேயே குறைத்துக்கொள்க.

மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அதற்கு முந்தைய நாளே அட்வைசர் தனியே அழைத்திருப்பார்.

‘சார், கம்பெனியிலேர்ந்து கால் வரும். பத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லிடுங்க சார்.’

‘அந்தக் கடகட இன்னும் இருக்கே. ஒன்பது குடுக்கறேன்.’

‘ஒன்பது குடுத்தா ஃபெயில் சார்.’

‘அப்ப கடகட?’

‘பத்து குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டு வாங்க சார். நானே பக்கத்துல உக்காந்து பாக்கறேன்.’