கட்டில்வாசிகளின் தவம்

டி.டி.டி. என்னும் வெண்பொடி யுத்த காலத்தில் பிரசித்தி பெற்றபோது, மூட்டைப்பூச்சி வம்சமே நிர்மூலமாகிவிடும் என்று உலகம் பூரித்திருக்க, அவ்வம்சமோ 1947-லேயே ஹவாயின் பேர்ல் துறைமுகப் பாசறையில் அப்பொடிக்கு அஞ்சாத சந்ததியைப் பெற்றெடுத்துவிட்டது. கட்டில் சந்துகளில் கொதிநீர் வார்க்கும் பாட்டி வைத்தியமே, சுமார் 50 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் பூச்சியும் முட்டையும் சேர்ந்து மடியும் என்ற சாஸ்திரத்துக்கு இசைந்தது. மெத்தையை வெயிலில் கிடத்தினாலோ, அவை சாவதானமாக நிழற்புறத்துக்குக் குடிபெயர்ந்து, நாம் சுமந்து வரும்வரை காத்திருக்கும். சல்லிசாகக் கிடைத்ததென்று பழைய கட்டிலை வாங்கி வருகிறவர் குடியிருப்போரையும் சேர்த்தே வாங்குகிறார். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் பட்டினியில் மாளும் என்பாரும் உண்டு. மாதக்கணக்கில் உபவாசமிருக்க வல்ல அந்த ஜீவனை, ஏகாதசியன்று பிற்பகலுக்குள் பலகாரம் தேடும் நாமா பட்டினி போட்டு ஜயிப்பது?