ஏக்கருக்கு எத்தனை உருப்படி

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் என நீளும் எங்கள் வறண்ட சீமையில், நான் சிறுவனாக இருந்த காலத்தில் காடு வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை உருப்படி தாங்குமுங்க?” என்பதுதான். இப்போது முதல் கேள்வி, “ரோட்டு முகப்பு எத்தனை அடி?” கேள்வியிலேயே மாட்டைக் காணோம். பிறகு பதிலில் எங்கிருந்து வரும்?

காடு என்றதும் யானையை நினைத்துக்கொள்ள வேண்டாம். கொங்கு நாட்டுப் பேச்சில் கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், வானம் பார்த்தது என்றால் காடு. அந்தக் காட்டிலும் ஒரு வகைதான் கொரங்காடு. மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த சொந்த நிலம். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அதன் காலடியில் செப்புநெருஞ்சியும் நரிப்பயறும், அங்கங்கே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். பல வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துவிட்டு, மறுபடி புல்லுக்கே விட்டுவிடுவார்கள். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கும் ஊரில் இதைவிடப் புத்திசாலித்தனமான விவசாயம் எனக்குத் தெரிந்து இல்லை. மாட்டை உள்ளே ஓட்டிப் படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். குடிக்கக் கல்தொட்டியில் தண்ணீர் இருந்தால் போதும்.

என் அப்பாரு, அதாவது தாத்தா, காடு பார்க்கப் போகும்போது என்னையும் இட்டேரி வழியாகக் கூட்டிப் போவார். அவர் பத்திரத்தைக் கடைசியில்தான் கேட்பார். முதலில் வேலி. கிளுவையில் சந்து இருந்தால் விலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அப்புறம் ஒரு புல் தூரைப் பிடித்து இழுப்பார். கையோடு வந்துவிட்டால் காடு அளவுக்கு மீறி மேய்க்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்; இழுத்தவர் விரல் சிவந்தால் நல்ல காடு. மூன்றாவதாக, விற்பவருடைய கட்டுத்தரைக்குப் போய் அவர் மாடுகளின் இடுப்பெலும்பைப் பார்ப்பார். விற்கிறவர் வாயால் என்ன சொன்னாலும் இடுப்பெலும்பு வேறு ஒன்று சொல்லிவிடும். ஒரு நிலத்தின் மதிப்பை மாட்டின் இடுப்பில் படித்த தலைமுறை அது. இன்று வில்லங்கச் சான்றிதழை செல்போனிலேயே படித்துவிடுகிறோம். புல்லில் உள்ள வில்லங்கம் அதில் வராது.

அவருடைய கணக்கு எளிது. நல்ல காடு என்றால் ஒரு மாட்டுக்கு இரண்டு ஏக்கர், சுமாரான காடு என்றால் மூன்று, மழை பொய்த்தால் சம்பந்தி வீட்டுக் காடு. ஐந்து ஆட்டை ஒரு மாடாகக் கணக்குப் பண்ணுவார். பிற்பாடு வங்கி வேலையில் கால்நடைக் கடன்களைப் பார்க்க ஆரம்பித்தபோது நான் இதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். முன்னூற்றைம்பது கிலோ எடையுள்ள பசு ஒன்று நாளைக்கு ஏழு, எட்டுக் கிலோ காய்ந்த தீவனம் தின்னும். வருஷத்துக்கு இரண்டரையிலிருந்து மூன்று டன். மானாவாரிப் புல் நல்ல வருஷத்தில் ஏக்கருக்கு ஒரு டன் காய்ந்தாலே பெரிய காரியம். அதிலும் பாதியைத் தூரிலேயே விட்டுவைக்காவிட்டால் அடுத்த வருஷம் புல் இருக்காது. ஆக, ஒரு மாட்டுக்கு ஐந்தாறு ஏக்கர் வேண்டும் என்றது என் தாள். அப்பாருவின் இரண்டு ஏக்கர் எப்படிப் போதியது? மிச்ச மாதங்களைச் சோளத்தட்டுப் போர் சுமந்தது. பங்குனி, சித்திரையில் வெள்வேல நெற்று உதிர்ந்து கைகொடுத்தது. ஐப்பசி மழையில் முளைத்த புல் விதை கட்டும்வரை படலைத் திறக்காத பிடிவாதம் ஒன்றும் இருந்தது. இந்த மூன்றையும் எந்தக் கடன் விண்ணப்பத்திலும் எழுதுவதற்குக் கட்டம் கிடையாது.

அன்றைய விலையையும் சொல்ல வேண்டுமே. எங்கள் பக்கத்துப் பேச்சுவழக்கில், ஒரு ஜோடி நல்ல எருதின் விலைக்கு ஓர் ஏக்கர் கொரங்காடு. மாட்டுத் தரகரும் காட்டுத் தரகரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கண்ணபுரம் மாரியம்மன் தேர்ச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து எருதுக்கு விலை முடிப்பார்; அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து காட்டுக்கும் விலை முடிப்பார். இப்போதைய தரகர் வெள்ளைச் சட்டையில் இன்னோவாவில் வருகிறார். ‘கூகுள் மேப்’பில் காட்டின் நாலு மூலையையும் காட்டிவிடுகிறார். மயிலைக்கும் செவலைக்கும் வித்தியாசம் கேட்டால் வெள்ளை, சிவப்பு என்பதற்கு மேல் நகரமாட்டார்.

இந்த மாடுகளின் பெருமைக்கு ஊர்ப் பாட்டுத்தான் ஆதாரம் என்று நினைக்க வேண்டாம். லிட்டில்வுட் என்ற வெள்ளைக்காரக் கால்நடை அதிகாரி 1936-இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதிய நூலில் காங்கயம் இனத்துக்கு இடம் உண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்து இந்த இனத்தை ஆளாக்கினார்கள் என்பதும் ஊரறிந்த வரலாறு. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணும் கொழுக்கட்டைப் புல்லும்தான் எருதின் எலும்புக்கு உறுதி என்பார்கள் எங்கள் பக்கம். கறவையைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவோம். இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் அந்தப் பசு கொடுத்ததில்லை. கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டதும் இல்லை.

பாகம் பிரிக்கும்போதுதான் நிலத்தின் உண்மையான மரியாதை தெரியும். 1950களில் கீழ்பவானி வாய்க்காலும், அடுத்த பத்தாண்டுகளில் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரும் ஒரு பக்கத்தை ஈரமாக்கியபோது, கொரங்காடு எங்கள் வீடுகளில் மூத்தாள் பிள்ளையாகிவிட்டது. பெரியவனுக்குத் தோட்டம், சின்னவனுக்குக் காடு. வாய்க்கால் தொடாத, கல்லும் சரளையுமான, பெண் கொடுக்கிறவர்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிற காடு. என் உறவில் ஒரு சின்னவர் அப்படிக் காட்டை வாங்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பெரியவரோடு பேசாமலே இருந்தார். அவர் போன பிறகு அந்தக் காட்டை ஒட்டிப் புறவழிச்சாலை வந்தது. இப்போது பெரியவர் வீட்டுப் பிள்ளைகள் பேசுவதில்லை.

காட்டின் தாங்கும் சக்தியில் முதல் திருத்தம் காற்றால் வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாசத்தில் எங்கள் மேலேறி வரும்போது வேட்டியைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு எதற்கும் அதை நாங்கள் பயன்படுத்தியதில்லை. 1990களில் காற்றாலைக்குப் போட்ட முதலீட்டை முதல் வருஷமே முழுசாகத் தேய்மானம் காட்டலாம் என்று வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்தது. உடனே மில் முதலாளிகளுக்கு எங்கள் காற்றின் அருமை புரிந்தது. விலை ஏறியது. ஆனால் காற்றாலையை நான் குறை சொல்லமாட்டேன். அதன் காலடியில் மாடு மேயலாம். மத்தியானத்தில் அந்த ஒற்றைத் தூணின் நிழல் நகர நகர ஆடுகளும் வரிசையாக நகரும்.

சூரிய மின்பண்ணைக்கு அந்தத் தாராளம் இல்லை. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் தேவை. அது கிட்டத்தட்ட எங்கள் பழைய ஒரு வள்ளம். அப்பாரு கணக்கில் இரண்டு மாடு. வள்ளம் அதேதான், அன்று இரண்டு மாட்டைத் தாங்கியது, இன்று ஒரு மெகாவாட்டைத் தாங்குகிறது. கிளுவையை வேரோடு பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுகிறார்கள். உள்ளே புல் முளைத்தால் தகட்டில் நிழல் விழுமாம். கூலி கொடுத்து வெட்டுகிறார்கள். புல்லைச் செலவுக் கணக்கில் எழுதும் காட்டை நான் இந்தப் பிறவியிலேயே பார்த்துவிட்டேன்.

இதற்கிடையில் வல்லுநர்களும் வந்தார்கள். ஏக்கருக்கு அரை மாடு என்பது கேவலம் என்றார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-4 தீவனப் புல்லை நட்டுத் தண்ணீர் காட்டினால் ஏக்கருக்குப் பத்து மாடு வளர்க்கலாம் என்றார்கள். பொய் சொல்லவில்லை, வளர்க்கலாம். தண்ணீர் காட்டினால் என்பதுதான் அந்த வாக்கியத்தின் விலை உயர்ந்த பகுதி. ஆயிரம் அடி ஆழ்துளையில் தூசி வந்த கதை எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று உண்டு. பத்து மாடும் கலப்பினம். கயிற்றைவிட்டு நாலடி போகாதவை. பத்துக்கும் மேவு அறுத்துப் போட, சாணி வழிக்க, பால் கறக்க ஆள் கிடைக்க வேண்டும். அந்த ஆளெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிப் பேருந்தில் காலையிலேயே ஏறிப் போய்விட்டார்கள்.

மெரினாவில் 2017 தை மாதம் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடியதற்குப் பிறகு காங்கயம் காளைக்கு வந்த யோகத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. கார்க் கண்ணாடியில் காளை, டி-ஷர்ட்டில் காளை, ஹோட்டல் பலகையில் காளை. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிப் போய்ப் பண்ணைவீட்டில் கட்டுகிறார்கள். அப்படி ஒருவர் என்னிடம் காளைக்கு எந்தக் கம்பெனித் தீவனம் நல்லது என்று விசாரித்தார். “கொழுக்கட்டைப் புல்லுங்க” என்றேன். ஆன்லைனில் கிடைக்குமா என்றார். விதை கிடைக்கும்தான். இரண்டு ஏக்கரை வேண்டுமானால் தனியாக ஆர்டர் போட வேண்டும்.

அந்த இரண்டு ஏக்கர் கணக்கை எனக்கு ஒழுங்காக விளக்கியவன் என் தங்கை மகன். நிலத் தொழிலில் இருக்கிறான். எனக்கு நாலு மாடு வாங்கிவிடும் ஆசை வந்து, உள்காட்டில் ஏதாவது விலைக்கு வருமா என்று கேட்டேன்.

“ஏனுங் மாமா, உள்காடே ஏக்கரு நாப்பதுங்கறாங்க. உங்க அப்பாரு கணக்குப்படி ஒரு மாட்டுக்கு ரெண்டு ஏக்கரு. ஒவ்வொரு மாட்டுக்குக் கீழயும் எம்பது லட்சம் கெடக்குது. ஏழு வட்டிக்குப் போட்டாக்கூட மாசம் நாப்பத்தாறாயிரம் வருமுங்க. மாடு தருமா?”

“கன்னு போடுமில்ல?”

“வருசம் ஒரு கன்னுன்னே வெச்சுக்கங்க. அதை வித்தாலும் ஒரு மாச வட்டி தேறாது.”

பத்திரத்தில் காட்டும் வழிகாட்டி மதிப்பில் பார்த்தால் என் மாடு கொஞ்சம் லாபத்தில் ஓடும் என்றேன். சிரித்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. மேய்க்கிறதற்கென்று இனி யாராலும் மேய்ச்சல் நிலம் வாங்க முடியாது. பாட்டன் சொத்தாக வந்தவர்கள்தான் மேய்க்கலாம். அவர்களும் விற்கும்வரை மேய்க்கலாம். விற்காமல் மாடு மேய்க்கிறவரை ஊர் இப்போது பெரிய தனவந்தராகப் பார்க்கிறது, சற்றுப் புத்தி பிசகியவராகவும். மூலனூர்ப் பக்கம் நான் அறிந்த ஒருவர் நாற்பது ஏக்கரில் இருபது உருப்படி வைத்திருக்கிறார். அந்தப் பதினாறு கோடி ரூபாய்ப் புல்லை அவை அசைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. அவர் ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், மேய்ச்சல் நிலம் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. கிளுவையைப் பிடுங்கி, மரத்தை வெட்டி, வளைவு கட்டி, ‘கார்டன்’ என்றோ ‘அவென்யூ’ என்றோ பெயர் வைத்து, கலர்க் கல் நட்டு விற்றுத் தீர்த்த மனைகளில் பத்து வருஷமாகியும் வீடு எழும்பவில்லை. வாங்கியவர்கள் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். புல் அதுபாட்டுக்கு வந்துவிட்டது. கொழுக்கட்டை கொஞ்சம், பார்த்தீனியமும் சீமைக்கருவேலும் நிறைய. வேலி இல்லாததால் ஆள் நின்று மேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு மனைப்பிரிவில் செம்மறி மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பழக்கதோஷத்தில் கேட்டேன், எத்தனை உருப்படி தாங்குமென்று. அவர் ஏக்கரில் சொல்லவில்லை.

“நூறு சைட்டுக்கு முப்பது ஆடு தாங்குமுங்க. கெழக்கால இருக்கறது இன்னும் தேவலைங்க. அத்தனையும் வித்துப்போச்சு, ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல.” பிறகு, நான் வங்கியில் இருந்தவன் என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து விசாரித்தார்: “ரைஸ் மில்லுக்கு அந்தாண்ட நாப்பது ஏக்கரு நெகரு போடறாங்கன்னு பேசிக்கறாங்களே, கல்லு எப்பங்க நடுவாங்க? இன்னொரு இருவது குட்டி வாங்கலாம்னு இருக்கறேன்.”