வட்டம் சுற்றும் காலம்: நானுஓயாவை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

கைத்தொலைபேசித் திரையின் நடுவில் சுற்றும் அந்தச் சின்ன வட்டத்தைப் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் காக்கும் மௌனம் வியப்புக்குரியது. யாழுக்கு எத்தனை நரம்பு என்று எண்ணியவர்கள் உண்டு. சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. ஆனால் தமிழர் இன்று கோபுரத்தை விட அதிக நேரம் தரிசிக்கும் ஓர் உருவத்தை எவரும் ஆய்வுக்கு எடுக்கவில்லை. அப்பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களமாக இலங்கை மலையகத்து நானுஓயாவைத் தெரிவு செய்ததற்கு இரண்டு காரணங்கள். வட்டம் இங்கே நீண்ட நேரம் சுற்றுவதால் ஆற அமர அவதானிக்கலாம் என்பது ஒன்று. மற்றக் காரணம் ரயில் நிலையத்தில் தொங்குகிறது. அதற்குப் பிறகு வருவோம்.

வட்டத்தின் பூர்வீகத்தில் ஐயமில்லை. 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொசேக் உலாவியின் மூலையில் ஒரு பூமிப்பந்து இருந்தது. பக்கம் வந்துகொண்டிருக்கும்போது அது சுழலும். அடுத்து வந்த நெட்ஸ்கேப்பில் ‘என்’ எழுத்தைச் சுற்றி எரிகற்கள் விழுந்தன. விண்டோஸ் நெடுங்காலம் மணற்கடிகாரத்தைக் காட்டிவிட்டு, 2007இல் விஸ்டாவோடு நீல வளையத்துக்கு மாறியது. மணற்கடிகாரத்தில் மணல் எப்படியும் தீரும் என்றொரு நம்பிக்கையாவது இருந்தது. வட்டத்துக்கு ஆதியும் இல்லை, அந்தமும் இல்லை. சித்தாந்திகள் இதே இலக்கணத்தை யாருக்குச் சொல்வார்கள் என்பதை வாசகர் அறிவார். பிறகு அஜாக்ஸ்லோட் என்று ஒரு தளம் வந்தது. நிறத்தையும் வடிவத்தையும் தெரிவு செய்தால் நம் தளத்துக்கென்று ஒரு வட்டத்தைச் செய்து கையில் தரும். பக்கத்தை விரைவாக்க மெனக்கெடாமல், காத்திருப்புக்கு நகை பூட்டுவதற்கு ஒரு தொழிற்கூடம்.

இத்துறையின் மூலநூல் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதியது. அவர் கணக்குப்படி 0.1 செக்கனுக்குள் நடந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 செக்கன் வரை எண்ண ஓட்டம் அறாது. 10 செக்கனைத் தாண்டினால் ஆள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். முதலிரண்டு விதிகளையும் சோதித்துப் பார்க்க நானுஓயாவில் வாய்ப்பு அமையவில்லை. மூன்றாவது விதி பிழை. இங்கே ஆள் எங்கும் போவதில்லை.

சான்று: பஜாரில் ஒரு கொமினிகேஷன் கடை, சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த நாள். கொழுந்துக்குப் போகாமல் அரைநாள் விட்டு வந்த ஒரு தாய், மகளின் சுட்டெண்ணைப் பால்மா பெட்டியில் கிழித்த அட்டைத்துண்டில் எழுதி, அதை வெற்றிலைபோல் சுருட்டிப் பிடித்திருக்கிறார். கடைத் தம்பியின் கண் திரையில்.

“தம்பி, சுத்துதா?”

“சுத்துது அக்கா.”

“சுத்துனா வந்துருமா?”

“சுத்தாமப் போனாத்தான் வராது.”

வட்டத்தின் மெய்ப்பொருளியல் முழுவதும் இந்த நான்கு வரிகளில் அடக்கம். கேட்டவர் இரண்டு பிளேன்டி ஆறிப்போகும் நேரம் அசையாமல் நின்றார். அந்தக் கடைக்கு நீல்சன் வந்திருந்தால் மூன்றாம் விதிக்கு ஒரு புறனடை எழுதியிருப்பார்.

இனித் திணை. மலையும் மலைசார்ந்த இடமும் ஆகையால் நானுஓயா குறிஞ்சி. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். ஆனால் போனும் டவரும் இங்கே புணர்வதில்லை. நடப்பதெல்லாம் இருத்தல்; அதுவோ முல்லைக்குரியது. ஆகவே இது திணைமயக்கம் என்று கொள்ளலாம். சிறுபொழுது மட்டும் இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது. குறிஞ்சிக்கு வகுத்த பொழுது யாமம். இலங்கையில் விற்கும் டேட்டா பொதிகள் பலவற்றில் ஒரு பங்கை இரவு 12 மணிக்குப் பிறகு, காலை 8 மணிக்குள் மட்டுமே பாவிக்க முடியும். தொலைபேசிக் கம்பனிகளில் பொருளதிகாரம் கற்றவர் எவரோ பெரிய பதவியில் இருக்கிறார் என்றே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. விடிந்ததும் தோட்ட வேலைக்குப் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டியவர் யாமத்தில் விழித்திருப்பது எப்படி என்பதற்கு மட்டும் உரையாசிரியர்கள் குறிப்பு எழுதவில்லை.

வட்டத்தை நிறுத்தும் வழிகள் பற்றி இங்கே இரு மதங்கள் உண்டு. ஒன்று, போனைத் தலைக்கு மேலே தூக்குவோர் மதம். மற்றது, ஃபிளைட் மோடைப் போட்டு எடுப்போர் மதம். பின்னதற்கு ஆதாரம் உண்டு: அப்படிச் செய்யும்போது போன் பழைய தொடர்பை விட்டுவிட்டு டவரைப் புதிதாகத் தேடிப் பதிகிறது. முன்னதைச் சிரித்து ஒதுக்கிவிடவும் முடியாது. கவரேஜ் என்பது பெரும்பாலும் டவருக்கும் போனுக்கும் நடுவே மலை இருக்கிறதா இல்லையா என்ற கணக்கு. தோட்டங்களில் துரை பங்களா மேட்டில் இருக்கும். தொழிலாளர் லயங்கள் பெரும்பாலும் பள்ளத்தில், ஓடைப் பக்கமாக இருக்கும். யார் யாரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக நூற்றைம்பது வருடங்களுக்கு முன் போட்ட திட்டம் அது. இன்று வாட்ஸ்அப் செய்தி யாருக்கு முதலில் போய்ச் சேர்கிறது என்பதையும் அதே திட்டம் தீர்மானிக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது, மலைநாட்டில் பிள்ளைகள் பாடம் தேடி மேட்டுக்கும் மரத்துக்கும் ஏறினார்கள். மறுவருடம் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் ஆசிரியையோடு பாறை ஏறிய படம் உலகச் செய்தியானது. ஆய்வு இவ்விடத்தில் கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறது.

இனி வேகம் பற்றி. 2025 ஜனவரியில் எல்ல போகும் ரயிலின் இணையவழிச் சீட்டுகள் 42 செக்கனில் விற்றுத் தீர்ந்தன என்று செய்தி வந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது. அந்த ரயில் நானுஓயாவைத் தாண்டித்தான் எல்லவுக்குப் போகிறது. கண்டிப் பாதையை மலையேற்றி 1885இல் கொண்டுவந்து சேர்த்த ஊர் இது. ஆக, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் திரையில் வட்டம் ஒரு பாட்டம் சுற்றி மூச்சு வாங்குவதற்குள், அவர் வீட்டு வாசலால் போகும் ரயிலின் ஆசனங்கள் முடிந்துவிடுகின்றன. ஒரு செக்கனை அளக்கும் கோல் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதை ஐன்ஸ்டீனுக்குப் பிறகு இத்தனை தெளிவாக நிறுவிய வேறு சான்று என் கண்ணில் படவில்லை.

வட்டம் ஏன் சுற்றுகிறது என்று கேட்டால் எல்லாரும் டவரைக் கைகாட்டுவார்கள். பழி முழுவதும் டவர் மேல் போடத் தக்கதல்ல. 1993இல் வந்த டூம் என்ற கணினி விளையாட்டு, பேய்களும் துப்பாக்கிகளும் உட்பட, சுமார் 2.4 மெகாபைட். 2016 அளவில் சராசரி இணையப் பக்கம் ஒன்றே அந்த எடைக்கு வந்துவிட்டது என்று கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பேய்களும் இல்லை, துப்பாக்கிகளும் இல்லை. ‘எம்மைப் பற்றி’ என்ற பக்கந்தான். எடையைக் குறைக்காமல் மனிதரை ஏமாற்றும் கலையும் இதற்கிடையில் வளர்ந்தது. முன்னேற்றப் பட்டைக்குள் கோடுகள் பின்னோக்கி ஓடுவதுபோல் வரைந்தால், பார்ப்பவருக்குக் காத்திருந்த நேரம் 11 சதவீதம் குறைந்ததாகத் தோன்றுகிறது என்று கிறிஸ் ஹரிசனும் கூட்டாளிகளும் 2010இல் காட்டினார்கள். சம்பள நாளுக்கு இப்படிக் கோடு வரைய முடியுமா என்பது தனி ஆய்வுக்குரியது. நேர்மையான முயற்சியும் உண்டு. 2015இல் பேஸ்புக் தன் ஊழியர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தை அனுபவித்துப் பார்க்கும் வசதியைக் கொடுத்தது. நானுஓயாவில் செவ்வாய்க்கிழமை வாரத்துக்கு ஏழு தரம் வரும்.

நிலையத்துக்கு வருவோம். மலையகப் பாதை ஒற்றைப் பாதை. எதிரே ரயில் வந்தால் கதை முடிந்தது. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில் அப்படித்தான் இரண்டு ரயில்கள் மோதின. அதன் பிறகு எட்வர்ட் டயர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் கம்பியால் இணைந்த இரண்டு பெட்டிகள். அவற்றுக்குள் வட்ட வில்லைகள். ரயில்காரர் வாயில் டெப்லட். ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டிகளில் எதிலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. வில்லையைத் தோல் பைக்குள் வைத்து, பையைப் பெரியதொரு கம்பி வளையத்தில் கோத்து எஞ்சின் டிரைவரிடம் கொடுப்பார்கள். ரயில் மெதுவாக உள்ளே வர, மேடையில் நிற்பவர் வளையத்தை நீட்ட, டிரைவர் கையை வெளியே விட்டுத் தோளில் வாங்கிக்கொண்டு பழைய வளையத்தைக் கழற்றிக் கொடுப்பதை மூடுபனிக்குள் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுற்றுலாப் பயணிகள் அதைப் படமெடுப்பார்கள். பிறகு அந்தப் படம் ஏறாமல் திரையில் வட்டம் சுற்றும்.

ஒப்பாய்வின் சாரம் இங்கேதான் இருக்கிறது. நிலையத்து வளையம் ஒரு வாக்குறுதி: முன்னால் பாதை காலி, போகலாம். வாக்குறுதியில் உண்மை இல்லையென்றால் அதில் கோக்க வேண்டிய வில்லை பெட்டியை விட்டே வெளியே வராது. திரை வளையத்துக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. பக்கம் வந்துகொண்டிருந்தாலும் சுற்றும், பாதி வழியில் செத்துக் கிடந்தாலும் சுற்றும், ரீலோட் போட்ட காசு முடிந்து போனாலும் சுற்றும். விக்டோரியா மகாராணி காலத்து இரும்புப் பெட்டிக்கு இருந்த நாணயம் இருபத்தோராம் நூற்றாண்டு மென்பொருளுக்கு வாய்க்கவில்லை. ரயில் தாமதமானால் நிலைய அதிபர்கூட “நாற்பது நிமிஷம் லேட்” என்று சொல்லிவிடுவார். நாம் திட்டுவோம், ஆனால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

ஆகவே இணையத்தளம் அமைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றும் வட்டத்தைப் போடுவதற்கு முன், சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்: வரிசையில் எத்தனையாவது, எவ்வளவு வந்தாயிற்று, இனி வராதா. எழுத்து முதலில் வரட்டும், படம் ஆறுதலாக வரட்டும். ஸ்கூஷ் போன்ற இலவசக் கருவியில் படத்தைப் போட்டு வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் எடை பெருமளவு இறங்கும். க்ரோம் உலாவியில் இணைப்பைச் செயற்கையாக மந்தமாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் இருந்தபடியே நானுஓயாவின் வேகத்தை அனுபவிக்கலாம். பயணச் சீட்டுக் கேட்டு வந்தவருக்கு முதலில் தேயிலை மலையின் முழுத்திரைப் படத்தைக் காட்டாதீர்கள். அவர் அதற்குள்தான் குடியிருக்கிறார். இவ்வளவும் செய்த பிறகு, தளம் உண்மையில் எப்படித் திறக்கிறது என்று பார்க்க ஒரு தரம் நானுஓயாவுக்கு வாருங்கள். ஜன்னலோரச் சீட்டு இணையத்தில் கிடைத்திருந்தால், எடுத்த முறையை எங்களுக்கும் சொல்லித் தாருங்கள்.